சூட்கேஸ் வைத்தியம்

1

போன ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து வெளியே வந்தபோது குலம் அண்ணை என்னை மண்டபத்தின் மூலைக்கு இழுத்துக்கொண்டு போனார். சுவிஸில் நான் இருக்கும் சிறு நகரத்தில் நாலு தமிழர் கூடினால் மைக் பிடிப்பவர் அவர்தான்.

"தம்பி, நீ அந்த மூட்டு ஊசிதானே போடுறனீ?"

"ஓம் அண்ணை."

"ரெண்டு எடுத்துத் தா. வாற மாசம் ஊருக்குப் போறன். மனிசியின்ரை தமையனுக்கு முழங்கால் ஏலாது."

"அது அண்ணை, டொக்டர்..."

"டொக்டர் என்னத்துக்கு? உனக்கு வேலை செய்யுதெண்டால் அவனுக்கும் செய்யும்தானே. அவனுக்கும் ரெண்டு கால்தான்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நாலு பேர் நிற்கும் இடத்தில் எனக்கு வாய் வராது; சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றிய பிறகு, சொல்லியிருக்க வேண்டியதெல்லாம் வரிசையாக வந்தது. அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் ஊரில் இருப்பவர்கள் இதை வாசிக்கவேண்டும். எங்கள் சூட்கேஸ்கள் அங்கேதான் திறக்கப்படுகின்றன.

ஊருக்குப் போகும்போது சொக்லேட்டுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவில் நாங்கள் மருந்து வைப்போம். நோவுக்குப் பூசும் களிம்பு, டொக்டர் ஒருவருக்கு எழுதிக் கொடுத்து அவர் பாதியில் விட்ட குளிசை மட்டைகள், திகதி முடிய ஒரு மாதமே இருக்கும் சத்து மாத்திரைகள். அங்கே அவற்றைப் பங்கு பிரிப்பார்கள். பச்சைக் குளிசை பெரியம்மாவுக்கு, வெள்ளை பக்கத்து வீட்டுக்கு. என்ன வருத்தத்துக்கு, என்ன நோய்க்கு என்று கேட்டால் "சுவிஸ் குளிசை" என்பார்கள். கொடுப்பவனுக்கும் தெரியாது, விழுங்குபவனுக்கும் தெரியாது. ஆனால் கொடுக்கும்போது எங்கள் முகத்தைப் பார்க்கவேண்டும். இருபது வருடம் படித்த டொக்டருக்குக்கூட அப்படி ஒரு முகம் வராது.

இந்த வைத்தியத்தை நானும் செய்தேன். குலம் அண்ணையை விடப் பெரிய அளவில், என் சொந்தத் தங்கைக்கு.

2

முதியோர் இல்லம் ஒன்றின் குசினியில் சமையல் வேலை செய்யும்போது எனக்கு முடக்குவாதம் வந்தது. காலையில் விரல்கள் மடங்காது. மடங்கினால் விரியாது. எங்கள் ஆட்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் தக்காளியை விடச் சொன்னார். இன்னொருவர் தக்காளியை நன்றாகச் சாப்பிடச் சொன்னார். இரண்டு பேரும் ஒரே மேசையில் இருந்துதான் சொன்னார்கள். மூன்றாமவர் ஒரு எண்ணெய் விற்றார். அதைப் பூசிக்கொண்டு வேலைக்குப் போனேன். இல்லத்துக் கிழவிகள் ஜன்னலைத் திறந்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்கு மகள் ஷெரின்தான் மொழிபெயர்க்க வந்தாள். வீட்டில் அவள் தாயோடு பாதி ஜெர்மன், தம்பியோடு முழு ஜெர்மன். அவள் வாயில் தமிழ் கேட்க வேண்டுமென்றால் எனக்கு வருத்தம் வரவேண்டும். டொக்டர் கையை ஆட்டி ஆட்டிப் பத்து நிமிடம் விளக்கினார். ஷெரின் என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, உங்கடை உடம்பிலை இருக்கிற பொலிஸ், கள்ளனை விட்டிட்டு வீட்டுக்காரனைப் போட்டு அடிக்குதாம்."

"அவ்வளவும்தானோ சொன்னவர்?"

"அவ்வளவும்தான்."

இலங்கையிலிருந்து வந்தவனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

முதலில் குளிசைகள் தந்தார்கள். அவை போதவில்லை. பிறகு இந்தப் புதுவகை ஊசியைப் பற்றிச் சொன்னார்கள். வலியை மறைக்கிற மருந்து அல்ல அது. மூட்டை அடிக்கச் சொல்லி உடம்பு தனக்குத்தானே அனுப்பும் செய்தியை நடுவழியில் பிடித்து நிறுத்துகிற மருந்து. செலவைக் கட்டவேண்டிய காப்புறுதிக்காரர் இலேசில் சம்மதிக்கவில்லை. கடிதம் வந்தது, கடிதம் போனது. என் விரல்கள் உண்மையிலேயே மடங்கவில்லை என்பதற்கு, மடங்காத விரல்களால் நான் கையெழுத்துப் போடவேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு நெஞ்சைப் படம் பிடித்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். விரல் நோவுக்கு நெஞ்சை எதற்குப் பார்க்கிறார்கள் என்று எனக்கு எரிச்சல். இந்த நாட்டுக்காரருக்குப் படிவம் நிரப்பாவிட்டால் சாப்பாடு இறங்காது என்று நினைத்துக்கொண்டேன். ஷெரின் படிவத்திலிருந்து ஒவ்வொரு கேள்வியாக வாசித்தாள்.

"வீட்டிலை ஆருக்கும் காசநோய் இருந்ததோ எண்டு கேக்கினம்."

"இல்லையெண்டு போடு."

என் அப்பா காசநோயில்தான் செத்தார். வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, புத்தளத்துக்குத் தெற்கே முந்தலுக்குப் பக்கத்தில் தென்னந்தோட்டம் ஒன்றின் ஓரத்தில் ஒற்றை அறையில் இருந்தோம். அந்த அறையில் இரண்டு வருடம் இருமினார். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் "நெஞ்சுச் சளி". கலியாணத்துக்கு ஒரு பெண்பிள்ளை இருந்த வீடு. வேறு பெயர் சொல்ல முடியாது. அந்தப் பொய்யை ஏழு கடல் தாண்டிக் கொண்டுவந்து, பெற்ற மகளிடமும் சொல்லிப் படிவத்திலும் போடவைத்தேன். என் இரத்தம் சுத்தமாக இருந்தது அதிர்ஷ்டம். அதில் என் கெட்டித்தனம் ஒன்றும் இல்லை.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு ஒரு காலையில் உருளைக்கிழங்கைத் தோல் சீவினேன். தோல் அறுபடாமல் நீளமாக வந்தது. பக்கத்தில் நின்ற போர்த்துக்கல்காரன் கை தட்டினான்.

3

என் தங்கை றெஜினா முந்தலில் இருக்கிறாள். புருஷன் செபமாலை இறால் பண்ணையில் வேலை. யுத்தம் முடிந்து சில வருடங்களில் எல்லோர் கையிலும் படம் காட்டும் போன் வந்துவிட்டது. ஒருநாள் கதைத்துக்கொண்டிருக்கும்போது அவள் போனைச் சரித்து வைக்கக் கையை நீட்டினாள். அந்தக் கை திரை முழுக்கத் தெரிந்தது. முட்டிகள் வீங்கி, விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. என் கையைக் கண்ணாடியில் பார்த்தது போல இருந்தது.

"கை என்ன றெஜி?"

"சும்மா கைதான்."

அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எங்கேயாவது காட்டினாயா, யார் பார்க்கிறார்கள், என்ன தருகிறார்கள், ஒன்றும் இல்லை. வெளிநாட்டில் இருக்கிறவன் கேட்பதில்லை, கொண்டுபோவான். அடுத்த நாள் செபமாலைக்குப் போன் எடுத்து, "இனி ஆஸ்பத்திரி ஒண்டும் வேண்டாம், நான் ஊசி கொண்டாறன்" என்று சொன்னேன். சொல்லும்போது என் குரல் குலம் அண்ணையின் குரல் போல இருந்திருக்கும்.

எனக்கு இரண்டு கிழமைக்கு ஒரு ஊசி; பேனை போல இருக்கும், தொடையில் வைத்துப் பொத்தானை அழுத்தி நானே போட்டுக்கொள்வேன். போடாமல் சேர்த்தேன். மூன்று மாதத்தில் ஆறு ஊசி. முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் மாதம் தண்ணீர்க் குழாயை முழங்கையால் திறந்தேன். மூன்றாம் மாதம் சூப் சட்டி கையிலிருந்து விழுந்தது. தாதி கேட்டபோது எல்லாம் ஒழுங்காகப் போடுகிறேன் என்றேன். ஒரு தியாகி மாதிரி நடந்துகொண்டேன்.

குளிர்ப்பெட்டியில் பட்டருக்குப் பின்னால் வைத்திருந்த ஊசிகளை ஷெரின் கண்டுபிடித்தாள்.

"அப்பா, இது என்ன? ஏன் ஆறு கிடக்கு?"

"றெஜினா மாமிக்கு."

"மாமிக்கு ஆர் எழுதிக் குடுத்தது?"

"அது உனக்கு விளங்காது."

"எனக்கு விளங்குது. உங்களுக்குத்தான் விளங்கேல்லை. டெஸ்ட் ஒண்டும் செய்யாமல் இதைப் போட ஏலாது. மாமி என்ன, பரிசோதனை எலியே?"

கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் முடிந்துவிடும். மிச்சம் ஜெர்மனில் வந்தது. படித்த திமிர் என்று எண்ணிக்கொண்டு நான் வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது ஊசிப் பெட்டியில் ஒரு துண்டு ஒட்டியிருந்தது. இரண்டு முதல் எட்டுப் பாகைக் குளிர் என்று இலக்கத்தில் எழுதியிருந்தாள். அதற்குக் கீழே ஜெர்மனில் ஒரு வரி எழுதி இரண்டு கோடு இழுத்திருந்தாள். அந்த வரியை நான் வாசிக்கவில்லை. அவளிடம் போய்க் கேட்க என் மரியாதை விடவில்லை.

4

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அதிகாரி சூட்கேஸுக்குள் இருந்த குளிர்ப் பையைத் திறக்கச் சொன்னார். "இன்சுலின்" என்றேன். அந்தச் சொல் உலகத்தில் எல்லோருக்கும் தெரியும். விட்டுவிட்டார்.

றெஜினா வீட்டுக் குளிர்ப்பெட்டி பழுதாகி, அரிசி போட்டு வைக்கும் பெட்டியாகி இருந்தது. அதனால் ஊசிகளைச் செபமாலையிடம் கொடுத்தேன்.

"மச்சான், இது குளிரிலை இருக்கவேணும். கெட்டுப்போற சாமான்."

"குளிரைப் பற்றி எனக்கே சொல்லித் தாறாய்?" என்று சிரித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் பண்ணைக்குக் கொண்டுபோனான்.

அடுத்த நாள் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊசி போடுவதாக ஏற்பாடு. றெஜினா பாணும் சம்பலும் வைத்தாள். கறிச்சட்டியை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் அணைத்துத் தூக்கினாள்.

"அண்ணா, நான் உனக்கு ஒண்டு சொல்லவேணும். புத்தளத்திலை..."

"முதல் ஊசியைப் போடுவம். பிறகு கதை."

செபமாலை வந்தான். இறால் அடைத்துக் கொழும்புக்கு அனுப்புகிற வெள்ளைப் பெட்டியைக் கொண்டுவந்து கதிரையில் வைத்து, பெருமையோடு மூடியைத் திறந்தான். உள்ளே நொறுக்கிய ஐஸ். ஐஸுக்கு மேலே கை கையாக உப்பு. அதற்குள் புதைந்து கிடந்தன என் ஆறு ஊசிகள். ஒன்றை எடுத்தேன். கையில் ஒட்டிக்கொண்டது. மருந்து தெரிகிற சின்னக் கண்ணாடிக்குள் வெள்ளையாக உறைந்திருந்தது.

"என்ன மச்சான் இது?"

"ஐஸ். பின்னை என்ன?"

"உப்பு ஏன் போட்டனீ?"

"உப்புத் தூவாட்டிக் குளிர் ஏறாது. வெறும் ஐஸ் பத்து மணிக்கே தண்ணியாப் போயிடும். நாங்கள் றாலுக்கு அப்பிடித்தான் செய்யிறது. கல்லுப் போலை கிடக்கும்."

"இது உறைஞ்சாப் பிறகு சரிவராது. எறியத்தான் வேணும்."

"விசர்க்கதை கதையாதை. வெயிலிலை வைச்சால் இளகும். றாலை இளக்கித்தானே கறி வைக்கிறம்?"

றெஜினா சிரித்துவிட்டாள். வளைந்த விரல்களால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு இரண்டு பேர் மீதும் வெறுப்பு வந்தது. உப்பும் ஐஸும் தவிர வேறொன்றும் தெரியாத மனிதர்கள் என்று நினைத்தேன். மூன்று மாதம் நான் பட்ட நோவு இறால் பெட்டிக்குள் போய்விட்டது.

அவள் என் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். "பரவாயில்லை, போடன் அண்ணா. நீ கொண்டந்தனீ" என்று சொல்லி, காலைக் காட்டிக்கொண்டு கதிரையில் இருந்தாள்.

உறைந்த ஊசியைப் போடக்கூடாது என்று தாதி முதல் நாளே சொல்லியிருந்தாள். மருந்தின் உருவமே குலைந்துவிடுமாம். ஷெரின் இரண்டு கோடு இழுத்த வரியும் அதுவாகத்தான் இருந்திருக்கும். ஆனால் வெறுங்கையனாக நிற்பதை விட எதையாவது குத்துவது எனக்கு இலேசாக இருந்தது. உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கினேன். அவளுடைய தொடையில் வைத்து அழுத்தினேன். பொத்தான் அமரவில்லை. திரும்ப அழுத்தினேன். அசையவில்லை. நான் நிறுத்தியது அறிவால் என்று யாருக்கும் சொல்லமாட்டேன். பொத்தான் இறங்கவில்லை, அவ்வளவுதான்.

ஆறையும் கொண்டுபோய் வளவுக்குப் பின்னால் கிடங்கு வெட்டிப் புதைத்தேன். திரும்பி வந்தபோது றெஜினா அலுமாரியிலிருந்து ஒரு மட்டையை எடுத்து மேசையில் வைத்திருந்தாள். புத்தளம் ஆஸ்பத்திரி கிளினிக் மட்டை. அதில் மூன்று திகதிகள் வெறுமையாக இருந்தன.

"நீ ஊசி கொண்டாறன் எண்டு சொன்னாப் பிறகு இவர் என்னை அங்கை விடேல்லை" என்றாள். "சுவிஸ் ஊசி வரேக்கை வெள்ளைக் குளிசைக்கு ஏன் லைனிலை நிக்கிறாய் எண்டு கேட்டார். வெள்ளிக்கிழமை கிளினிக் இருக்கு. நீ வாறியே?"

5

விடிய அஞ்சு மணி பஸ்ஸில் போனோம். பஸ் படியில் ஏற அவளுக்கு இரண்டு பேருடைய கை தேவைப்பட்டது. என் கையும் அப்போது உதவாத கை. கொண்டக்டர்தான் தூக்கிவிட்டார்.

டொக்டர் ஒரு முஸ்லிம் பிள்ளை, வயது முப்பது இருக்கும். மட்டையைப் பார்த்தார்.

"மூணு தவண வரல்ல. எங்க போன?"

றெஜினா என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன். பிறகு அவளே எல்லாவற்றையும் சொன்னாள். டொக்டர் பேனையை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க என்ன வேல பாத்திருக்கீங்க? எக்ஸ்ரே எடுத்தீங்களா? ரெத்தம் பாத்தீங்களா? ஒண்ணுமில்லாம ஊசியத் தூக்கிட்டு வந்தீங்களா? அங்க ஒங்களுக்கு இதெல்லாம் பாக்காமயா போட்டாங்க?"

"பாத்தவை" என்றேன்.

அவர் றெஜினாவிடம் கேட்டார். "வீட்டில யாருக்கும் டீபி இருந்துச்சா?"

இல்லை என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். எங்கள் வீட்டில் அதுதான் பதில்.

"ஓம், அப்பாவுக்கு" என்றாள் றெஜினா. "நான்தான் பாத்தனான். ரெண்டு வருசம் அவரோடை ஒரே அறையிலை படுத்தனான்."

சொல்லும்போது குரல் தாழவே இல்லை. பின்னால் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும்.

தோலில் ஒரு ஊசி குத்தி, மூன்றாம் நாள் வரச் சொன்னார்கள். குத்திய இடம் தடித்துச் சிவந்திருந்தது. நெஞ்சுப் படத்தில் ஒரு பக்கம் சின்னப் புகைபோல ஏதோ இருந்தது. அப்பாவிடமிருந்து வந்தது அத்தனை வருடம் அங்கே படுத்திருந்து, அப்போதுதான் கண் விழிக்கத் தொடங்கியிருந்தது. டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து எனக்குக் காட்டினார்.

"ஒங்கட ஊசி மூட்டோட சண்ட பிடிக்கிறவன அடக்கும். சரி. ஆனா இதக் காவல் காக்கிறதும் அதே சண்டக்காரந்தான். அவனக் கட்டிப்போட்டா இது எழும்பி நடக்கும். அதுக்குப் பொறகு தங்கச்சியத் தேட வேண்டி வந்திருக்கும்."

கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லாக இருந்திருக்கும். முதலில் நெஞ்சுக்கு மாதக்கணக்கில் குளிசை, கையின் வீக்கத்துக்கு வேறு குளிசை, நெஞ்சு தேறிய பிறகு தேவையென்றால் இந்தப் புதுவகை ஊசியே பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் மூலம் தரலாம் என்றார். நான் சூட்கேஸில் தூக்கிக்கொண்டு போனது அங்கேயும் இருந்தது. ஒழுங்கான வழியில், ஒழுங்கான நேரத்தில் கிடைக்கும்.

பஸ்ஸில் திரும்பும்போது எனக்குள் ஒரே கணக்குத்தான் ஓடியது. செபமாலை உப்புப் போட்டிருக்காவிட்டால்? வெறும் ஐஸில் வைத்திருந்தால் மருந்து ஒருவேளை உறையாமல் இருந்திருக்கும். நான் குத்தியிருப்பேன். இரண்டு கிழமைக்கு ஒன்றாக ஆறும் குத்துவித்திருப்பேன். குத்திவிட்டு ஊரெல்லாம் சொல்லியிருப்பேன்.

6

திரும்பி வந்து என் ஊசியை மறுபடி தொடங்கினேன். இரண்டு மாதமாகியும் வீக்கம் இறங்கவில்லை. இரத்தம் எடுத்துப் பார்த்த டொக்டர், என் உடம்பு அந்த மருந்தையே எதிரியாக எண்ணப் பழகிவிட்டது என்றார். இடையில் விட்டு விட்டுப் போட்டால் அப்படி நடக்கக்கூடுமாம். ஊசி ஏதும் தவறியதா என்று கேட்டார்.

"இல்லையெண்டு சொல்லு" என்று ஷெரினிடம் சொன்னேன்.

அவள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு ஜெர்மனில் நீளமாகக் கதைத்தாள். நடுவில் "இலங்கை" என்ற சொல் வந்தது. பிறகு விரல் விட்டு ஆறு காட்டினாள். என் வாயிலிருந்து வந்த ஒரு பொய்யை அவள் மொழிபெயர்க்க மறுத்தது அதுவே முதல்தடவை. டொக்டர் வேறு வகை மருந்துக்கு எழுதினார். அது ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து நரம்பில் ஏற்றுகிற மருந்து. வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. என்னைப் போன்றவர்களுக்கு அதுதான் சரி. அதுவும் நோவை முழுதாக அடக்கவில்லை. உருளைக்கிழங்கை இப்போது இயந்திரத்தில் போடுகிறேன்.

குலம் அண்ணை இழுத்துக்கொண்டு போன அன்று பின்னேரம் றெஜினாவுக்குப் போன் எடுத்தேன். நெஞ்சுக் குளிசை முடிந்து படம் தெளிவாக வந்துவிட்டது. கை வீக்கம் பாதி இறங்கியிருக்கிறது. செபமாலையின் உப்பைப் பற்றி அதுவரை மனதில் வைத்திருந்ததைச் சொன்னேன். மச்சான்தான் உன்னைக் காப்பாற்றினான் என்றேன்.

"அவருக்குச் சொல்லிப்போடாதை அண்ணா. பிறகு வாதத்துக்கு உப்பு எண்டு ஊரிலை வைத்தியம் பாக்கத் தொடங்கியிடுவார்."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நீயும் அவரும் ஒண்டுதான். நீ ஊசியைக் கொண்டந்தாய். அவர் உப்பைப் போட்டார். கை என்ரை கை. உனக்கு என்ன வேணுமெண்டு ஆரும் என்னை ஒருக்காக் கேட்டனீங்களே?"

கேட்கவில்லை என்பது உண்மை. அத்தனை காலத்தில் ஒருமுறையும் இல்லை. அன்றைக்குக் கேட்டேன்.

"உனக்கு என்ன வேணும் றெஜி?"

அவளுக்குப் பின்னால் யாரோ தேங்காய் துருவும் சத்தம் கேட்டது.

"புது ஊசிக்குப் பேர் எழுதியாச்சு. மாசத்திலை ரெண்டு வெள்ளிக்கிழமை போகவேணும். பஸ் படி ஏலாது. இவர் றால் பிடிக்கிற நாளெண்டால் வரமாட்டார். போன முறை தனியப் போய் ஸ்டாண்டிலை நிண்டிட்டுத் திரும்பி வந்தனான். கூட வர ஒரு ஆள் இருந்தால் போதும் அண்ணா. வேறை ஒண்டும் வேண்டாம்."

ஆறு ஊசிக்காக மூன்று மாதம் நோவைத் தாங்கியவன் நான். இரண்டு வெள்ளிக்கிழமைக்குப் பதில் சொல்லத் தெரியாமல், போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குசினியில் நின்றேன்.